கடைசிப் படத்தில் அறுந்துவிடுகிறது

ஆனையூர், மதுரை
9-6-2024

சேக் இஸ்மாயிலுக்கு,

சமாதானம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழுது இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சத்தம் போடுவேன், பழுது அப்படியே கிடக்கும். உன் எண்ணையும் அழித்துவிட்டேன். மேலப்பாளையம் விலாசம் உன் மகள் ஜஸீலாவின் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது.

பக்கவாதம் வந்து அலர்மேலுக்குப் பேச்சு நின்றதும், பேச்சுப் பயிற்சிக்கு நான் அலைந்ததும் உனக்குத் தெரியும். மதுரையில் பயிற்சி கொடுப்பவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவளுக்கு முதலில் எட்டிப் பார்த்தது எங்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சு. தமிழ் வரவில்லை. அந்தப் பாஷை தெரிந்த பயிற்சியாளர் என்று எனக்கு அகப்பட்டவள் இந்துப்ரியா ஒருத்திதான். அவள் பெங்களூரில் இருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் வீடியோவில் பாடம். போனில் வைத்துப் பார்த்தோம். அந்தச் சின்னத் திரையில் பெண்ணின் வாயசைவு இவளுக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் பெரிய திரையுள்ள லேப்டாப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பழைய கணினியின் டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டினேன். அதிலிருந்த லினக்ஸ் இயங்குதளம் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து உட்கார்ந்தது. அதே வாரம் வீட்டுக்குப் புது ஃபைபர் இணைப்பும் வந்தது.

அன்றிலிருந்து பாடத்தின் நடுவில் வைஃபை அறுந்துவிடுகிறது. அரை நிமிஷம் கழித்துத் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். அதுவரை இந்துப்ரியாவின் முகம் திரையில் உறைந்து நிற்கும். அதே அறையில் போனுக்கு வைஃபை அறுவதில்லை. ஆகவே மோடத்தின் மேல் குற்றமில்லை. லேப்டாப்பின் வைஃபை சில்லையும் லினக்ஸின் உள்மையமான கர்னலையும் இணைக்கிற டிரைவர்தான் குற்றவாளி. மின்சேமிப்பை நிறுத்தினேன். பழைய கர்னலில் ஏற்றிப் பார்த்தேன். டிரைவரை மூலநிரலிலிருந்து நானே தொகுத்துப் போட்டேன். பயனில்லை.

கீழவாசலில் நாம் இருவரும் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் இந்த மாதிரிப் பழுதை நீ மோப்பம் பிடிப்பாய். அதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. கேபிள் போடுங்கள் என்று மட்டும் எழுதாதே. சித்திரையில் நான் மாட்டுத்தாவணிக்குப் போன நேரம் பார்த்து என் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து நீ கேபிள் இழுத்தாய். நான் வந்து பிய்த்துப் போட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. வைஃபை கெட்டால் வைஃபையைச் சரிசெய்ய வேண்டும். கேபிள் போடுவது தோற்றுப்போனவன் வேலை.

சந்தானம்


மேலப்பாளையம்
15-6-2024

சந்தானம் அண்ணனுக்கு இஸ்மாயில் எழுதுவது.

அல்லாஹ் கிருபையில் இங்கு எல்லோரும் சுகம். அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது ஜஸீலா, “என்னத்தா இது, ஒங்க கூட்டாளி ஆனையூர்ல இருந்து தபால்ல வாராரு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அண்ணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் டிரைவர்.

பழுதுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் தீர்ப்பு. எனக்குச் சாட்சி வேண்டும். இணைப்பு அறுந்தவுடன் கர்னல் பதிவைத் திறந்து, அந்த நேரத்தில் விழுந்த வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதி அனுப்புங்கள். ‘டிரைவர் செத்துவிட்டது’ என்று எழுதாதீர்கள். அது உங்கள் வரி.

மற்றபடி, நான் தோற்றுப்போனவன்தான். மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேரன் உடைத்த ரிமோட்டைப் பழுதுபார்க்கிறவன் வேறு யாராக இருப்பான்? அன்றைக்கு வாசலிலிருந்தே, “எவன்டா எஞ் செவத்துல ஆணி அடிச்சது” என்றீர்கள். “நாந்தாண்ணே” என்றேன். “நீ யாருடா எனக்கு” என்றீர்கள். சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்றும் அன்றைக்கு என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

பதிவை அனுப்புங்கள்.

இஸ்மாயில்


ஆனையூர்
23-6-2024

இஸ்மாயிலுக்கு,

நீ கேட்ட வரியை உள்ளபடி தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதன் சாரம் இதுதான்: ‘உள்முடிவின்படி இணைப்பிலிருந்து விலகுகிறேன். காரணம் எண் மூன்று, கிளம்புதல்.’ பார்த்தாயா? யாரும் விரட்டவில்லை. தானாகவே எழுந்து போகிறது. இது டிரைவரின் திமிர் இல்லாமல் வேறென்ன?

சாட்சி கேட்டாயே, பாடம் எப்படி நடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள். முதலில் வாய்க்குப் பயிற்சி. பிறகு எண்கள், கிழமைகள். பிறகு படங்கள். டம்ளர், சீப்பு, முருங்கைக்காய், குடை என்று ஒவ்வொன்றாகத் திரையில் வரும். அவள் பெயர் சொல்ல வேண்டும். எல்லாம் நான் படமெடுத்து, நானே வரிசைப்படுத்தியது. குடையை இப்போது சொல்லிவிடுகிறாள். சீப்புக்குத் தலையைத் தொட்டுக் காட்டுகிறாள். முடிவில் குடும்பத்துப் படங்கள். மகன் கோகுல்நாத்தின் படத்துக்கு, “கோகு” என்கிறாள். கடைசிப் படம் என்னுடையது.

“இது யாரும்மா, பேர் சொல்லுங்க” என்று இந்துப்ரியா எங்கள் பாஷையில் கேட்பாள். அலர்மேல் என் பக்கம் திரும்புவாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அவள் உதடு லேசாகப் பிரியும். அந்த நேரம் பார்த்து அறுந்துவிடும். ஒவ்வொரு பாடத்திலும் அங்கேயேதான். நடுவிலும் ஒன்றிரண்டு தடவை அறுகிறது, அதைப் பொறுத்துக்கொள்வேன். கடைசிப் படத்தில் அறுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் சொல்லியிருப்பாள் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

அண்ணியின் சுகம் கேட்டாய். இதுதான் சுகம்.

சேதி என்று ஏதோ எழுதியிருந்தாய். எனக்குப் பழுது பற்றிய சேதி போதும்.

சந்தானம்


மேலப்பாளையம்
29-6-2024

சந்தானம் அண்ணனுக்கு,

தனித்தாள் வந்தது. தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

மோடம் விரட்டியிருந்தால் வேறு வரி விழும். டிரைவர் மயங்கி விழுந்திருந்தால் நாலு பக்கத்துக்குக் கர்னல் புலம்பியிருக்கும். இது ஒற்றை வரி, அமைதியான வரி. உங்கள் கணினிக்குள் இருக்கிற ஏதோ ஒன்று, “கிளம்பு” என்று உத்தரவு போட்டால் விழுகிற வரி. டிரைவர் சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான். அதை அடித்துப் பிரயோசனமில்லை. உத்தரவு போடுவது யார் என்று பாருங்கள். நீங்கள் எழுதி வைத்த நிரல் ஏதாவது பின்னால் ஓடுகிறதா?

இன்னொன்றும் கேட்கிறேன். அறுகிற நேரத்தில் படத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். டிரைவருக்கு உங்கள் படம் வருகிறது என்று எப்படித் தெரியும்?

குடை சொல்லிவிட்டார்கள் என்று படித்ததும் ஜஸீலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம்.

இஸ்மாயில்


ஆனையூர்
14-7-2024

இஸ்மாயிலுக்கு,

என் கணினியில் எனக்குத் தெரியாமல் ஒரு நிரல் ஓடுகிறது என்று சொல்கிறாய். ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டே, வாத்தியார் இல்லாமல், பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்து இதைக் கற்றவன் நான். என் வீட்டுக்குள் யார் நடமாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். டிரைவரைப் பராமரிக்கிறவர்களுக்கே நேரடியாகப் புகார் எழுதினேன். என் ஆங்கிலம் கடுமையாக இருந்திருக்கலாம். ஜெர்மனியிலிருந்து ஒருவன் பதில் போட்டான். ‘ஐயா, உங்கள் கணினியில் வேறேதோ ஒன்று டிரைவரை இறக்கி ஏற்றுகிறது. இது எங்கள் பிழை அல்ல.’ புகாரை மூடிவிட்டான். அவனும் உன் பள்ளிக்கூடம்தான்.

புனேயிலிருந்து கோகுல்நாத் கூப்பிட்டான். “அப்பா, வேற ஆளை வச்சு விண்டோஸ் போட்டுரலாம். அரை மணி நேர வேலை” என்றான். வேண்டாமென்றேன். “அம்மாவுக்குப் பாடம் வேணுமா, ஒங்களுக்கு லினக்ஸ் வேணுமா? அதைச் சொல்லுங்க” என்றான். போனை வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

வெள்ளிக்கிழமை அலர்மேல் லேப்டாப் முன்னால் உட்கார மறுத்துவிட்டாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு இந்துப்ரியா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். “சார், நான் ஃப்ரீஸ் ஆகுறது கனெக்‌ஷனாலன்னு அம்மாவுக்குப் புரியல. அவங்க சொல்ல முடியாம தெணறுறப்ப நான் பேச்சை நிறுத்திட்டு மொறைச்சுப் பாக்குறேன்னு நெனைக்கிறாங்க. எம் மேல பயம் வந்துருச்சு” என்றாள்.

நான் அலர்மேலிடம் எடுத்துச் சொன்னேன். வைஃபை, மோடம், அலைவரிசை எல்லாம் சொன்னேன். தலையாட்டினாள். அவளுக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்று இப்போது எனக்குத் தெரிவதில்லை.

சந்தானம்


மேலப்பாளையம்
20-7-2024

அண்ணே,

இந்தத் தடவை மரியாதைக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வைஃபை பற்றி அண்ணிக்கு விளக்கம் சொன்னதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார்? முதல் ஆறேழு மாதத்தில் வருகிற பேச்சுதான் அதிகம் என்று நீங்கள்தானே ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னீர்கள்? அதில் பாதி போய்விட்டது. உங்கள் வைராக்கியம் முடிகிறவரை அண்ணியின் வாய் காத்திருக்காது.

கேபிள் போட்ட அன்றைக்குப் பாடம் ஒரு தடவையும் அறவில்லை. நான் பக்கத்திலேயே சுத்தியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து படித்தார்கள். ஒரு மணி நேரமும் அப்படியே.

கேபிள் வேண்டாமென்றால் போகட்டும். கடிகாரத்தையாவது பார்த்து எழுதுங்கள். மூன்று பாடத்துக்குப் பார்த்தால் போதும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இஸ்மாயில்


ஆனையூர்
4-8-2024

இஸ்மாயிலுக்கு,

பார்த்தேன். நாலேகால். நாலரை. நாலேமுக்கால். மூன்று பாடத்திலும் அதே. பாடம் இல்லாத நாளிலும் அதே. நான் செய்தி படித்துக்கொண்டிருப்பேன், அரை நிமிஷம் போய் வருவது தெரிவதில்லை.

கடைசிப் படம் நாலேமுக்காலுக்கு வருகிறது.

டிரைவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சந்தானம்


மேலப்பாளையம்
9-8-2024

சந்தானம் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று அஸருக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். கால்மணிக்கு ஒரு தடவை என்றதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கீழவாசல் சென்டரில் கோடைக்காலத்தில் மோடம் சூடாகி வைஃபை தொங்கிப்போகும். வாடிக்கையாளர்கள், “பாய், நெட்டு போச்சு” என்று கத்துவார்கள். நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். நீங்கள்தான் அதற்குக் காவலன் என்று பெயர் வைத்தீர்கள். கால்மணிக்கு ஒரு தடவை மோடத்தின் எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் சும்மா இருக்கும். வராவிட்டால் வைஃபை செத்துவிட்டது என்று முடிவுகட்டி, டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றும். எந்த டிரைவராக இருந்தாலும் தானே தேடிக் கண்டுபிடிக்கும்படி எழுதினேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு பெருமை.

அண்ணே, பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி மாட்டினேன் என்று எழுதியிருந்தீர்கள். காவலன் அதில் இருக்கிறானா? இருந்தால், அவனுக்குத் தெரிந்தது பழைய மோடத்தின் எண். புது ஃபைபர் பெட்டிக்கு எண் வேறு. அவன் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, பதில் இல்லை என்று நல்ல இணைப்பை அறுத்துக்கொண்டிருக்கிறான்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லை என்று வந்தால் எனக்கு நிம்மதி. நான் எழுதியது அண்ணியின் வாயை அடைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை.

இஸ்மாயில்


ஆனையூர்
18-8-2024

இஸ்மாயிலுக்கு,

இருந்தது. எடுத்துவிட்டேன்.

உன்மேல் பழிபோட இரண்டு நாள் முயன்றேன். சரியாக வரவில்லை. சென்டரை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கணினி மாற்றும்போதும் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நீ எழுதிய எதையும் நான் அழித்ததில்லை. எண்ணை அழித்தேன், அது வேறு.

செவ்வாயும் வெள்ளியும் இணைப்பு அறவில்லை. பாடம் முழுதாக நடந்தது.

சந்தானம்


ஆனையூர்
15-9-2024

இஸ்மாயிலுக்கு,

நீ பதில் போடவில்லை. பழுது தீர்ந்துவிட்டது, இனி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மாதமாக வைஃபை மலைபோல நிற்கிறது. பதிவைத் தினமும் திறந்து பார்க்கிறேன், அந்த வரி விழவே இல்லை. அலர்மேலும் பாடத்துக்கு உட்காருகிறாள். ஆனால் ஒரு சொல்லைத் தொடங்கிப் பாதியில் தானே நிறுத்திவிடுகிறாள். நிறுத்திவிட்டு இந்துப்ரியாவின் முகம் உறைகிறதா என்று பார்க்கிறாள். அந்தப் பெண் சிரிக்கிறது, கையை ஆட்டிக் காட்டுகிறது, “நான் இங்கதான் இருக்கேன்மா” என்கிறது. இவள் நம்பவில்லை. குடையும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை குடைப் படத்துக்கு விரலைச் சுட்டிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் சொல்ல வேண்டும் என்பதுபோல.

கடைசிப் படம் வரும்போது இப்போது குனிந்துகொள்கிறாள்.

இந்துப்ரியா சொல்கிறாள்: “பயம் போகணும் சார். அதுக்கு நாளாகும். மொதல்லயே சரியா இருந்திருந்தா...” அதற்கு மேல் சொல்லவில்லை. நல்ல வீட்டுப் பெண்.

கேபிளைப் பிய்க்காமல் விட்டிருந்தால் சித்திரையிலேயே சரியாக இருந்திருக்கும். கோகுல்நாத் சொன்னதைக் கேட்டிருந்தாலும் ஆனியில் சரியாகியிருக்கும், காவலனும் டிஸ்க்கோடு போயிருப்பான். இதை நீ எனக்கு எழுத வேண்டாம் என்பதற்காக நானே எழுதிவிடுகிறேன்.

இதற்கும் உன்னிடம் ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பதிவில் வராத பழுது.

சந்தானம்


மேலப்பாளையம்
22-9-2024

சந்தானம் அண்ணனுக்கு,

அன்றைக்குச் சொல்லாத சேதியை இப்போது எழுதுகிறேன். கோபத்தில் சொல்லாமல் விட்டேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் உங்களுக்கு வலிக்குமே என்று விட்டேன்.

நாம் சென்டர் நடத்தியபோது அண்ணி போன் செய்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? “அவர் இருக்காரா” என்பார்கள். நான் மகால் பக்கத்தில் உங்கள் ஆட்களோடு வளர்ந்தவன், உங்கள் பாஷையிலேயே வம்புக்குக் கேட்பேன். “எவர் அண்ணி? இங்க நெறய அவர் இருக்காக.” “கட்டம் போட்ட சட்டை.” “ரெண்டு பேரு கட்டம் போட்டுருக்காக.” “கோவக்காரர்.” “ஆ, இந்தா குடுக்குறேன்.” பெயரைச் சொல்லவே மாட்டார்கள். நாற்பது வருஷம் உங்களோடு வாழ்ந்தவர்கள், ஒரு தடவையாவது உங்கள் பெயரைச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

நான் கேபிள் போட்ட அன்று பாடம் முடிந்து இந்துப்ரியா போய்விட்டாள். திரையில் உங்கள் படம் அப்படியே நின்றது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் மிச்ச ஆணியை அடித்துக்கொண்டே பழைய வழக்கத்தில், “எவர் அண்ணி அது? கட்டம் போட்ட சட்டையா?” என்று கேட்டேன். அண்ணி திரும்பி வாசலைப் பார்த்தார்கள். யாருமில்லை. பிறகு, “சந்தானம்” என்றார்கள். திக்கவில்லை. முழுசாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வகுப்பில் வாத்தியார் பெயரைச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி. நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அதைச் சொல்வதற்குத்தான் உங்களுக்காகக் காத்திருந்தேன். நீங்கள் வாசலில் வந்து ஆணியைப் பார்த்தீர்கள்.

அண்ணே, அண்ணிக்கு உங்கள் பெயர் மறக்கவில்லை. கடைசிப் படத்தில் அறுந்தது வைஃபை மட்டும் இல்லை. வைஃபை நின்றிருந்தாலும் நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவரை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தனை நோயிலும் அந்த ஒரு மரியாதையை விடவில்லை. பாவம் இந்துப்ரியா, அது அந்தக் காலத்துப் பழக்கம், அவளுக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் மருந்து இல்லை. இதுதான் இருந்தது.

இஸ்மாயில்


ஆனையூர்
13-10-2024

இஸ்மாயிலுக்கு,

நீ எழுதியது நிஜமா என்று கேட்கமாட்டேன். உனக்குப் பொய் சொல்ல வராது.

நாற்பது வருஷமாக அந்தப் பெயரை அவள் வாயால் கேட்க வேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தப் படத்தை வரிசையில் சேர்த்த பிறகு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தபின் நாற்காலியை விட்டு எழ மனமில்லை. நான் எழுந்திருக்க வேண்டியது அந்த நாற்காலியிலிருந்து என்று எந்தப் பதிவும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது பாட நேரத்தில் வெளியே போய்விடுகிறேன். பக்கத்து வீட்டு மீனா வந்து அலர்மேலோடு உட்காருகிறாள். நல்ல பெண்தான். எங்கள் பாஷை தெரியாது. அவசரம் வேறு. போன வாரம் கடைசிப் படம் வந்ததும், “ஆன்ட்டி, சந்தானம் அங்கிள்னு சொல்லுங்க ஆன்ட்டி, அம்புட்டுத்தேன்” என்று அவளே சொல்லிவிட்டாளாம். அலர்மேல் அவளை முறைத்தாளாம்.

வெள்ளிக்கிழமை மீனாவைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றேன். பாடம் முடிந்ததும் இந்துப்ரியா போன் செய்தாள். “சார், இன்னிக்கு வாயெடுத்தாங்க. மொத எழுத்து வந்துச்சு. அப்பறம் ஜன்னல் பக்கம் பாத்தாங்க, மூடிக்கிட்டாங்க.” ஜன்னலில் என் தலை தெரிந்திருக்கும். கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பஸ் ஏறி ஒத்தக்கடை வரைக்கும் போய்விடப் போகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, பாடம் முடிந்து அவள் தூங்கப் போகும் நேரத்துக்குத் திரும்புவேன்.

நீ வா. என்னோடு சமாதானத்துக்கு வர வேண்டாம், பாடத்துக்கு வா. உன் வம்புக்குத்தான் அவள் வாய் திறப்பாள். மூன்றரைக்கெல்லாம் நான் வீட்டில் இருக்கமாட்டேன். சாவி மீனாவிடம் இருக்கும். வழியில் எதிரே பார்த்தால் நின்று பேச எனக்கு நேரமிருக்காது, பஸ் பிடிக்க வேண்டும்.

அவள் சொன்னால் எனக்குப் போன் செய்யாதே. வந்தபிறகும் சொல்லாதே. நான் கேட்டுவிட்டேன் என்று என் முகத்தில் தெரிந்தால் மறுபடி சொல்லமாட்டாள். அவள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உன் காதில் விழுந்தால் போதும்.

சந்தானம்